ஓடிப்போன குதிரைகள்

மூன்றாவது வளைவில் வண்டி திணற ஆரம்பித்ததும் அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஓட்டிக்கொண்டிருந்த கணவர் வளைவில் சற்றே சமமாக இருந்த இடத்தில் நிறுத்தினார். இரண்டு வருடமாகப் பழகிப்போன ஏற்பாடு. மூன்று லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய அந்தச் சின்னக் காருக்கு இரண்டு பேரைச் சுமந்துகொண்டு மேடு ஏறத் தெம்பில்லை. அவள் இறங்கிக்கொண்டால் முதல் கியரில் முனகிக்கொண்டே உச்சிக்குப் போய்விடும். உச்சியில் இருந்தது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. அவள் அங்கே ஆசிரியை. "டாக்டரே நடக்கத்தானே சொல்றாரு" என்று சிரித்தபடி, பத்து நிமிடத்தில் பின்னாலேயே நடந்து வந்து சேர்வாள்.

அன்று இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் மடங்கியது. சாலையோரச் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தினால் அந்த மேட்டில் வண்டி மறுபடி கிளம்பாது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கட்டியவளை ரோட்டில் விட்டுவிட்டு மேலே போனார். பள்ளி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு, ஐம்பத்தேழு வயதில், செருப்பு தடதடக்கக் கீழே ஓடினார். தோளில் சாய்த்து அவளை மேலே கொண்டுவர அரைமணி நேரம் ஆயிற்று.

"அடுத்த மாசத்தோட வேலைய விட்டுடறேங்க" என்றாள் அவள். "போறவங்க வர்றவங்க எல்லாரும் வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு."

இருபத்திரண்டு வருட வேலை. அடுப்படியில் தனியாக நிற்கும்போதுகூட அவள் விரல்கள் தாமாகச் சைகையில் ஏதோ பேசிக்கொண்டிருக்கும். அவர் அதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார்.

மச்சினன் மெக்கானிக். ஆனால் அவன் பட்டறைப் பக்கம் அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கிக்கொண்டு வந்தபோது, சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "இது வண்டியில்ல மாமா, வம்பு" என்று சொல்லிவிட்டான் அவன். முப்பது வருடம் கம்பெனி டிரைவராக இருந்தவருக்கு அது போதாதா? அன்றிலிருந்து ஸ்பானரும் கையுமாக எல்லா ரிப்பேரையும் அவரே பார்த்துக்கொண்டார். இப்போதும் முதலில், இன்ஜினுக்குப் பலம் கூடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்த ஒரு பாட்டில் மருந்தைப் பெட்ரோலில் ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை பட்டறைக்குப் போனார்.

"வாங்க மாமா." நேற்றுத்தான் வந்து போனவரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான்.

"இன்ஜின்ல கொஞ்சம் பவர் ஏத்தணும்."

"எவ்வளவு ஏத்தணும்?"

"உங்கக்கா உக்காந்து வர்ற அளவுக்கு."

கை துடைத்துக்கொண்டிருந்த துணியை மச்சினன் கீழே வைத்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பவர்னா குதிரைசக்திதானே. இந்த வயசுல இன்ஜின்ல புதுசா குதிரை வாங்கிக் கட்ட முடியாது மாமா. இருந்த குதிரையில எத்தனை ஓடிப்போச்சுன்னு பார்ப்போம். பிடிச்சு இழுத்துட்டு வந்துடலாம்."

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டரை வைத்து அழுத்தம் பார்த்தான். இரண்டு தேவலை. மூன்றாவதில் முள் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தான். அப்போதும் முள் ஏறவில்லை. "பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் ஏறியிருக்கும். வால்வு முழுசா மூட மாட்டேங்குது, அவ்வளவுதான்." வால்வு இடைவெளியைச் சரிசெய்ததும் முள் ஏறிக்கொண்டது. ஏர் ஃபில்டரைத் தட்டினான், மண்ணாகக் கொட்டியது. அவருக்கு முகம் மலர்ந்தது.

கடைசியாகப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருந்தும் லேசில் சுற்றவில்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே தீய்ந்து கறுத்திருந்தது.

"ஹேண்ட் பிரேக் கேபிளை யாரு இந்த இழுப்பு இழுத்து வச்சது?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. அவள் பயந்து அலறினாள். அன்று சாயங்காலமே தரையில் படுத்து அவர்தான் கேபிளை முறுக்கினார். தளர்ந்த மாதிரி தோன்றும்போதெல்லாம் இன்னும் ஒரு சுற்று.

"பிரேக்கைப் போட்டுக்கிட்டே மலை ஏறியிருக்கீங்க" என்றவன் அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "விடுங்க மாமா. அக்காகிட்ட வால்வுன்னே சொல்லிக்கலாம். அதுவும் பொய்யில்லையே."

திங்கட்கிழமை காலை வளைவு வந்தபோது அவள் பையை எடுத்தாள். "இறங்கவா?"

"உக்காரு."

இரண்டாவது கியரில் இன்ஜினின் குரல் கனத்தது. ஆனால் சாகவில்லை. சுவர் பின்னால் போயிற்று, மரங்கள் போயின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஓர் ஆளைத் தாண்டியதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என் தம்பின்னா தம்பிதான்!"

அப்படியே விட்டிருக்கலாம். மச்சினன் அவள் காதில் போடப்போவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க அவரால் முடியவில்லை. சொன்னார். தான் முறுக்கியது, வீல் சுற்றாதது, எல்லாம். முடிப்பதற்குள் பள்ளி வாசல் வந்துவிட்டது.

அவள் அவரையே பார்த்தாள். "மழையில எல்லாம் நடந்தேனே" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல், லேசாகக் கால் தாங்கியபடி உள்ளே போனாள்.

வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. இன்ஜினை அணைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் வாசலில் சலசலப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள்.

"அணைச்சிடாதீங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பானெட்டைக் காட்டி, சுடும் என்று பிள்ளைகளுக்குச் சைகை செய்தாள். பிறகு ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கார்க் கதவின்மேல் வைத்தாள். முதலில் வைத்த சிறுமி அதிர்வு பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, மறுபடி மெல்ல வைத்தாள்.

"கொஞ்சம் ஏத்துங்க."

அவர் ஆக்சிலரேட்டரை அமுக்கினார். அத்தனை கண்களும் ஒரே சமயத்தில் விரிந்தன. வரிசையின் கடைசியில் நின்ற குட்டிப்பெண் முண்டியடித்து முன்னால் வந்து, கை வைக்க இடமில்லாமல், அவர் பக்கத்துக் கதவில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.