லைக்காவின் தலையில் ஒரு பூ

"சித்தப்பா, மெதுவா ஓட்டுங்க லா! லென்ஸ் கையிலேர்ந்து நழுவுது!"

பட்டுச் சேலைத் தலைப்பை மடியில் விரித்து, அதன்மேல் கேமராவை வைத்து, புனிதா லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிடம். மஸ்ஜித் தானாவிலிருந்து, மாப்பிள்ளை வீடு இருக்கும் பாயா ரும்புட்டை நோக்கி, சித்தப்பா நல்லமுத்துவின் பழைய கார் முக்கிமுனகிப் பறந்தது.

"நிச்சயத்துக்குப் போற பொண்ணு செய்யிற வேலையா இது? மூணு நாளா உன் ஸ்டூடியோவுல சும்மாதானே கெடந்துச்சு?"

"ஸ்கூல் போட்டோ வேலை தலைக்கு மேல. மாமனார் நம்பிக் கொடுத்த ஜெர்மன் லைக்கா, லென்ஸுல படிஞ்ச பூஞ்சையத் துடைக்காம எப்படிக் கொண்டு போறது?"

லென்ஸ் கழன்றது. உள்ளே எட்டிப் பார்த்தவள், கேமராவை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண் வைத்தால் உருவம் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. அதற்காக லென்ஸுக்குப் பின்னால் ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. அசல் லைக்காவில் அதன் நுனியில் உருண்டைச் சக்கரம் இருக்கும். இதில் இருந்ததோ சாய்வாக ஓர் உலோகத் துண்டு. ரஷ்யாவில் செய்த நகல்!

பூதக்கண்ணாடியை எடுத்து மேல்தகட்டைப் பார்த்தாள். 'லைக்கா' என்ற ஆங்கில எழுத்துகள் கோடாக இல்லை. புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருந்தன. 'ஐ' எழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாக ஐந்து இதழில் ஒரு பூ.

"சித்தப்பா, இது டூப்பு."

நல்லமுத்து பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தே திட்டியது.

"மூடி வை. வாயத் தொறக்காத."

"சிங்கப்பூர் டாக்டர் ஒருத்தர் வர்றாரு, பழைய கேமரா சேர்க்கிறவரு. அவரு கழட்டிப் பார்த்தா? நான்தான் மாத்திட்டேன்னு சொல்வாங்க. கல்யாணமே நின்னுரும்."

மாப்பிள்ளை நகுலனின் அப்பா கதிர்காமநாதன், யாழ்ப்பாணத்து வம்சம், நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்த பெண்ணுக்குச் சம்மதம் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டவர். "எங்கட வீட்டில எல்லாம் அசல்" என்று வருவோரிடமெல்லாம் சொல்வார். சாட்சிக்குக் கண்ணாடி அலமாரியில் அந்த லைக்கா.

கார் போய் நின்றதும் அவர் வாசலிலேயே கையை நீட்டினார்.

"கொண்டாரும் பிள்ளை! பெரியதம்பி, பாரும் ஐசே, ஜெர்மன்காரன்ட வேலையை!"

கூடத்தில் உட்கார்ந்ததுமே சிங்கப்பூர் டாக்டர் பெரியதம்பியின் விரல்கள் லென்ஸைத் தொட்டன. இனித் தாமதித்தால் திருட்டுப் பட்டம்தான்.

"மாமா, ஒரு நிமிஷம். அது லைக்கா இல்ல. ரஷ்யா நகல். வர்ற வழியிலதான் கழட்டிப் பார்த்தேன்."

டாக்டர் லென்ஸிலிருந்து கையை எடுத்தார்.

"மூண்டு நாள் உம்மட கடையில இருந்தது," என்றார் கதிர்காமநாதன். "போகேக்க ஜெர்மனி, வரேக்க ரஷ்யாவோ?"

"அப்பா!" நகுலன் பாய்ந்து எழுந்தான்.

அப்போதுதான் நகுலனின் அம்மா கனகாம்பிகை காப்பித் தட்டோடு வந்தார். புனிதா ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. டம்ளரில் கனகாம்பிகையின் பெயர், ஆங்கிலத்தில், புள்ளி புள்ளியாக. அதில் இரண்டு 'ஐ'. இரண்டின் தலையிலும் ஐந்து இதழ்ப் பூ!

நிமிர்ந்தாள். கனகாம்பிகையின் முகம் வெளுத்திருந்தது. அவர் புனிதாவின் கையிலிருந்த டம்ளரையே பார்த்தார். இதைத் தூக்கிக் காட்டினால் போதும், தப்பித்துவிடலாம். புனிதா பெயரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள்.

"நான் மாத்தல மாமா. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப இந்தத் தாம்பூலத்தை..." என்று தட்டைத் தள்ளப் போனார் கதிர்காமநாதன்.

"நிப்பாட்டுங்கோ!" தட்டை டொக்கென்று வைத்தார் கனகாம்பிகை. "மாத்தினது நான். எழுபத்தொண்டில, நீங்கள் ரெண்டு மாசம் ஈப்போவுக்குப் பயிற்சிக்குப் போயிருக்கேக்க. சிங்கப்பூரில அச்சு அசலா ஒண்டு வாங்கினன். பாத்திரத்தில பேர் வெட்டுறவரிட்டக் குடுத்து, ரஷ்ய எழுத்தைத் தேய்ச்சு லைக்கா எண்டு வெட்டுவிச்சன். அந்த மனுசன் பழக்கதோசத்தில பூவையும் வச்சிட்டார்."

டாக்டர் தன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐசே, பூ வச்ச லைக்கா உலகத்திலேயே இது ஒண்டுதான்! எனக்குத் தாரும்!"

"இருபத்துமூண்டு வருசம்! பானைக்கு வெட்டுறவன்ட எழுத்தையோ நான் துடைச்சுக்கொண்டிருந்தன்?" கதிர்காமநாதன் சோபாவில் தொப்பென்று விழுந்தார். பிறகு டம்ளரில் பெயரை மறைத்திருந்த புனிதாவின் கையைப் பார்த்தார். "பிள்ளை, டம்ளரை இனி விடும். கை சுடப்போகுது."

புனிதா கையை உதறினாள். சபை சிரித்தது. தாம்பூலத் தட்டு கை மாறியது.

வெற்றிலையை வாயில் போடப் போன கதிர்காமநாதன் சட்டென்று நிறுத்தினார்.

"அது சரி கனகம், என்ட அசல் லைக்கா எங்க?"

"உங்கட மகனைக் கேளுங்கோ. மூண்டு வயசில அதைக் கொதிக்கிற தேங்காய்ப்பால் சொதிப் பானைக்குள்ள போட்டுட்டான். வெளியில எடுக்க முதல் நீங்கள் சாப்பிட வந்து குந்திட்டீங்கள்."

"நானோ?" என்றார் அவர்.

"ஓம். ஒருநாளும் இல்லாத ருசி எண்டு, இடியப்பத்துக்கு மூண்டு தரம் ஊத்திச் சாப்பிட்டீங்களே, அந்தச் சொதிதான்."