பலகையில் ஏழாவது பெயர்

பரீட்சை முடிவு வந்ததும் முதல் வகுப்பில் தேறியவர்களின் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுவது, மயிலாப்பூரில் இந்தி டியூஷன் நடத்தும் விசாலாக்ஷி டீச்சரின் வழக்கம். 1972இல் அந்த வேலை பெயிண்டர் இசக்கிமுத்துவுக்கு வந்தது.

"இந்தி எழுத்தை மட்டும் தொடமாட்டேன், டீச்சரம்மா."

"பேரெல்லாம் தமிழ்லதான். எழுதுங்கோ."

அறுபத்தைந்தில் ரயில் நிலையப் பலகைகளில் தார் பூசி, பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்த கை அது. தார் டப்பாவை எடுத்துக் கொடுத்தவர் மாணிக்கவாசகம் அண்ணாச்சி, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அதே வருஷம் பாண்டி பஜார் கூட்டத்தில், "நம்ம வீட்டுப் புள்ளைங்க புஸ்தகத்தை நாமளே கொளுத்தணும்" என்றார் அண்ணாச்சி. இசக்கிமுத்து மகள் புஷ்பத்தின் இந்திப் புத்தகத்தைப் பிடுங்கி மேடை ஏறிக் கொளுத்தினார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. பத்து வயசுப் பெண் கீழே நின்று அழுதது யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது புஷ்பம் அண்ணாச்சி கடையில் புடவை மடிக்கிறாள்.

ஆறு பெயர் எழுதி முடித்தார். ஏழாவது, மா. சரோஜாதேவி.

"இது எந்த சரோஜாதேவி?"

"உங்க ஜவுளிக்கடைக்காரர் பொண்ணுதான். டில்லியில வேலை கிடைச்சுடுத்தாம். ஏழு வருஷமா கொல்லைப்புற வழியா வந்துண்டிருந்தா. வெளியில சொல்லாதீங்கோன்னு அவ அப்பா கேட்டுண்டார். இனிமே மறைக்க என்ன இருக்கு?"

ஊருக்குத்தான் உபதேசம்! அதைவிட அதிகமாய் இசக்கிமுத்துவைச் சுட்டது வேறொன்று. அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, "அண்ணாச்சி வீட்டு சரோஜாக்காவும் எங்க டியூஷன்லதான்பா இந்தி படிக்கறாங்க" என்று புஷ்பம் சொன்னாள். அண்ணாச்சி மேல் அபாண்டம் சொல்கிறாயா என்று நடுத்தெருவில் பளாரென்று அறைந்தார். சிறையில் பட்ட அடியெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. இது மறக்காது.

பெயரை எழுதி முடித்துத்தான் எழுந்தார். தொழிலாயிற்றே.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த புஷ்பத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவே இல்லை. கால் வலிக்கிறதென்று சுவரோரம் உட்கார்ந்தாள்.

"துரோகிப் பய! நாளையிலருந்து நீ அந்தக் கடைக்குப் போகக்கூடாது, புஷ்பம். டீச்சரம்மாகிட்டப் பேசறேன். மறுபடியும் படி."

"அன்னிக்குப் படிக்காதேன்னீங்க. இன்னிக்குப் படிங்கறீங்க."

"அவன் ஏமாத்திட்டாம்மா..."

"உங்களை அவர் ஏமாத்தினார். என் புஸ்தகத்தைப் பிடுங்கினது நீங்கதானேப்பா?"

இசக்கிமுத்து விரலில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"படிக்கணுமா வேணாமான்னு என்னை ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள் புஷ்பம். "இப்பக்கூடக் கேக்கலையே."