நானூற்றுப் பதினெட்டாவது சாமான்

ஆற்றங்கரை ஊரான புவெர்த்தோ கரேத்தாவின் பழைய படகு உரிம அலுவலகத்துக்குக் கடைசியாக நிழல் விழுந்து ஏழு ஆண்டுகளாகின்றன. கட்டடம் அப்படியேதான் நிற்கிறது. நிழலைத்தான் முறைப்படி ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆற்று வெள்ளம் மூன்றாம் முறையாக உள்ளே புகுந்து, அங்கே யாரும் புரட்டாத கோப்புகளையெல்லாம் புரட்டிவிட்டுப் போன பிறகு, அலுவலகத்தை மேட்டுத் தெருவுக்கு மாற்ற உத்தரவு வந்தது. சாமான் பட்டியல் போடும் வேலை கிடங்கு எழுத்தர் எதுல்ஃபோ மெர்காதோவின் தலையில் விழுந்தது. கட்டட நிழலில் முக்காலி போட்டுக் காப்பி விற்கும் நூரிஸிடம் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடப் பதினான்கு ஆண்டுகளாகத் திட்டமிட்டு வந்தவர் அவர். தினமும் காலை பத்து மணிக்குக் காப்பி குடிப்பார், உதட்டைத் துடைப்பார், திரும்பிவிடுவார். அலுவலக நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாதென்று ஒரு விதி இருந்தது. அந்தத் துறையிலேயே அதை மதித்த ஒரே ஆள் அவர்தான். மேட்டுத் தெருக் கட்டடமோ முழுக்கக் கண்ணாடி. வெயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. "அங்க வந்து உக்காந்தா காப்பிக்கொட்டையோட என்னையும் வறுத்துத்தான் விக்கணும், ராசா" என்று நூரிஸ் சொல்லிவிட்டாள்.

கழுத்தில் டை கட்டியிருந்த ஒரே காரணத்தால் ஊரே 'டாக்டர்' என்று அழைத்த இயக்குநர் அரீசா, பட்டியலைப் படிக்காமலே கையெழுத்திட்டு, "ஒண்ணு விடாதய்யா. அந்தக் கட்டடத்தோட நெழலக்கூட விட்டு வைக்கக் கூடாது" என்றார். எதுல்ஃபோ உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். 417: நாற்காலி, கால் இல்லாதது. 418: நிழல், ஒன்று.

இடமாற்ற நிறுவனத்தார் தொழில் தெரிந்தவர்கள். எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த கணக்கருக்கும் ஒட்டி, அவர் குறட்டை விட்டதும் மன்னிப்புக் கேட்டுப் பிரித்தெடுத்தார்கள். டிராயரைக் காலி செய்ய வேண்டாம், உள்ளே இருப்பது மேசையோடு போகும் என்பது அவர்கள் விதி. 418ஐப் பார்த்த மேஸ்திரி வில்ஃப்ரிதோவுக்குப் புருவம்கூட உயரவில்லை. "பன்னெண்டு மணிக்குச் சுருட்டினா ஒரே பெட்டில அடங்கிடும் சார். ஆனா பன்னெண்டு மணிக்கு நாங்க சாப்பிடப் போயிருவோமே" என்றார்.

மீன் சூப்பும் ஊஞ்சல் தூக்கமும் முடிந்து அவர்கள் வந்தபோது மணி நான்கு. நிழல் சதுக்கத்தைத் தாண்டித் தேவாலயப் படிவரை நீண்டு கிடந்தது. மூன்று பேர் மண்டியிட்டுச் சுவரோரத்தில் நகத்தால் கிளப்பி, பாயைப்போல் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் நூரிஸ்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்குடா? பதினாலு வருசமா நான் கூட்டிப் பெருக்குன நெழல் இது. ஒன் லிஸ்ட்டுல நான் இருக்கேனா?"

வில்ஃப்ரிதோ தாள்களைப் புரட்டினார். "இல்லியே."

"அப்ப என் மேல கைய வைக்காத."

வில்ஃப்ரிதோ எதுல்ஃபோவைப் பார்த்தார். இது அலுவல் பேச்சு; விதி தடுக்காது. "டிராயருக்குள்ள இருக்கறது மேசையோடதானே போகும்?" என்றார் எதுல்ஃபோ.

"அதான் விதி" என்ற வில்ஃப்ரிதோ, முக்காலியோடும் அடுப்போடும் அவளைச் சுற்றி நிழலை மெதுவாக மடித்து, 'உடையும் பொருள்' என்று சீட்டு ஒட்டினார். "காப்பி சிந்துச்சு, தொலைஞ்சீங்க!" என்ற குரல் மட்டும் லாரிவரை கேட்டது.

மேட்டுத் தெருவில் விரித்த பிறகுதான் தெரிந்தது, அது நான்கு மணி நிழல். காலை எட்டுக்கும் அங்கே மணி நான்குதான். நான்கு மணிக்கு அலுவலகம் மூடவேண்டும் என்பது சட்டம். ஆகவே கதவைத் திறந்ததும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி மூடினார்கள். சேவையில் எந்த மாற்றமும் தெரியாததால் பொதுமக்கள் புகார் கொடுக்கவில்லை. துறைக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

எதுல்ஃபோ வழக்கம்போல் காப்பி குடித்தார், உதட்டைத் துடைத்தார், திரும்பினார்.

"எங்க ஓடுறீங்க? ஆபீஸ் நேரம் முடிஞ்சு போச்சே" என்றாள் நூரிஸ். "இன்னிக்கு எந்த விதியச் சொல்லப் போறீங்க?"

அவரிடம் வேறு விதி இல்லை. கல்யாணம் அந்த மாதமே, அந்த நிழலிலேயே, நான்கு மணிக்கு நடந்தது. அங்கே வேறு மணி கிடையாது.