அமாவாசை இசைத்தட்டுகள்

என் வீட்டுக்காரர் ஸ்ரீபாலன் கணக்கு வாத்தியார். அவருக்கும், பட்டுச் சங்கத்தில் புடவைக்கு டிசைன் வரைகிற தனசேகரனுக்கும் ஒரே பைத்தியம். காது போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்த ஜெர்மன்காரர் ஒருவரின் சிம்பொனி. அதுவும் ஒரே சிம்பொனிக்கு இரண்டு இசைத்தட்டு. வாத்தியக்காரர்களை நடத்தியவர் ஒவ்வொன்றிலும் வேறு ஆள். அட்டைப் படத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் தாடிக்காரர், கண்ணாடிக்காரர். யார் உசத்தி? இவருக்குத் தாடிக்காரர், தனசேகரனுக்குக் கண்ணாடிக்காரர். மூன்று வருஷமாக இதே வழக்கு.

“எழுதினவர் ஒருத்தர், எழுதினது ஒண்ணு. இதுல இன்னாங்க ரெண்டு?” என்று கேட்டால் இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சம்பூர்ணம் வீட்டுத் தறி. நாள் முழுக்க டடக் டடக். சிம்பொனியின் இரண்டாம் பகுதியோ எறும்பு ஊர்கிற மாதிரி வரும்; தறி ஓடினால் காதில் விழாது. தறி ஓய்கிற நாள் மாதத்தில் ஒன்றுதான், அமாவாசை. அன்று சங்கத்துக்கும் விடுமுறை என்பதால் தனசேகரன் தென்னேரியிலிருந்து வந்துவிடுவார். அவர் திரும்பிப் போக ஆறு மணிக்குக் கடைசி பஸ். இவர் பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை. இரண்டு தட்டும் ஓடி முடிய ஒன்றரை மணி நேரம். கணக்கு வாத்தியாரே, இதில் சாப்பாடு எங்கே?

நாங்கள் சமணர்கள், கண்ணுகளா. பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. வந்ததும் சாப்பிடச் சொன்னால், “வயிறு நிறைஞ்சா தூங்கிடுவேன்” என்பார். ஆவணியில் பட்டினி. புரட்டாசியில் பட்டினி, மறுநாள் இரத்த வாந்தி. பயப்படாதீர்கள், அந்த முறை பிழைத்துக்கொண்டார். வயிற்றுப்புண், இனி ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார் டாக்டர். ஐப்பசியில் தீபாவளி லீவு வந்து என்னைக் காப்பாற்றியது; பகலிலேயே கேட்டு முடித்துவிட்டார்கள்.

கார்த்திகை அமாவாசைக்குத் தாடிக்காரரைத்தான் முதலில் போட்டார்கள். அவர் நிதானஸ்தர். போதாததற்கு இவர்கள் முள்ளைத் தூக்கித் தூக்கி, “அந்த இடம் இன்னொரு தரம்!”

எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் ஏகாம்பரநாதர் கோபுரம்தான் கடிகாரம். பொழுது இறங்க இறங்க அதில் மேலே ஏறுகிற வெயில் மேல்நிலைக்குப் போய்விட்டது. தட்டில் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

“ஏங்க, வெயில் போய்க்கினு இருக்குது.”

“இந்த இடம் முடியட்டும், குணமாலா.”

“வயித்துல புண்ணு இருக்குது, காதுல இல்ல.”

“அஞ்சே நிமிஷம் அண்ணி,” என்றார் தனசேகரன். அவருக்கென்ன, ராத்திரி பத்து மணிக்கும் சாப்பிடுவார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பின்கட்டு வழியாகச் சம்பூர்ணத்திடம் ஓடினேன்.

“அக்கா, தறியில நாலு தரம் நாடாவை ஓட்டு. எழுந்திரிச்சி வரட்டும் மனுஷன்.”

“இன்னாமா, அமாவாசையும் அதுவுமா தறியில கால் வெக்கச் சொல்றியா?” சம்பூர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “சத்தம்தானே வேணும்? உரல் இருக்குது. வெறும் உரல இடிக்கக் கூடாது, இரு.” இரண்டு படி கேழ்வரகைக் கொட்டினாள்.

ஆளுக்கொரு உலக்கை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே உரல். பத்து குத்து விழுவதற்குள் முள் குதித்துக் கீச்சென்று நின்றது.

“யாரு இடிக்கிறது?” இவர் சம்பூர்ணம் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். என் கையில் உலக்கை.

“நான்தான். கோபுரத்தைப் பாருங்க. கலசத்துல மட்டும்தான் வெயில் இருக்குது.”

பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் போய்ச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தார். நாலு வாய் இறங்கிய பிறகு தலையை நிமிர்த்தினார்.

“ஒண்ணு கேக்கறேன். தாடிக்காரர் அந்த ரெண்டாம் பகுதியைப் பதினேழு நிமிஷம் வாசிக்கறார். நீ பதினாலு நிமிஷக் கணக்குல இடிச்சியே, அது கண்ணாடிக்காரர் நடையாச்சே?”

“அதான் சார் நானும் பாத்தேன்!” தனசேகரன் குதித்தார். “அண்ணி ஓட்டு கண்ணாடிக்காரருக்கு!”

“எனக்கு ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சாப்பிடுங்க!”

மூன்று வருஷம் அடுக்களையில் அந்தச் சனியனைக் கேட்டுக் கேட்டு என் கையில் ஒட்டிக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வேன்?

“இல்ல குணமாலா, நடுவுல ஒரு இடத்துல நீ கொஞ்சம் இழுத்த. அது தாடிக்காரர்...”

“இழுத்தது சம்பூர்ணம். அவங்களுக்குக் கை வலி.”

கடைசி வாய்ச் சோறும் இறங்கிவிட்டது. அப்பாடா என்று மோர் ஊற்றக் குனிந்தவள், நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தேன். கலசத்தில் வெயில் இல்லை. அவரும் பார்த்தார். டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“வழக்கு பேசாம இருந்தா மோரும் இறங்கியிருக்கும்,” என்றேன்.

தெருவில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே தனசேகரன் கத்தினார்: “ரெண்டு ஓட்டு சார், கண்ணாடிக்காரருக்கு!”

“ஒன்றரை!” என்று இவர் இங்கிருந்து கத்தினார்.