நாட்டுக்காய்

புறவாசல் கதவைத் திறந்த கோமு அங்கேயே நின்றுவிட்டாள். பொங்கலுக்குத் தளதளவென்று நின்ற உருளைக்கிழங்குச் செடிகள் இப்போது மஞ்சளடித்து, தண்டு துவண்டு, தரையோடு கிடந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று, வேப்பம்புண்ணாக்கு கரைத்து விட்டாயிற்று. ஒரு செடியும் எழுந்திருக்கவில்லை. நாளை மறுநாள் நாறும்பூநாதனுக்குத் தலைத்திவசம். "போச்சு, எல்லாம் போச்சு" என்று வாய்விட்டே சொன்னாள்.

நாறும்பூநாதன் அவள் புருஷன். உருளைக்கிழங்கு என்றால் மனுஷனுக்கு உசிர். பொடிமாஸ் இருந்தால் ரெண்டு கை சோறு கூடுதலாக இறங்கும். திவச இலையிலோ வாழைக்காய் வரும், சேனை வரும், பாகற்காய் வரும். அவர் ஆயுசுக்கும் ஒதுக்கிவைத்த அவரைக்காய்கூட வந்து சட்டமாக உட்காரும். உருளைக்கிழங்கு மட்டும் வரக்கூடாதாம். அது இங்கிலீஷ் காயாம்! இருந்தவரைக்கும் ஆசையாகத் தின்றவர், செத்த பிறகு அதைத் தொடக்கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? கோமுவுக்கு ஆறவே இல்லை. அந்த வீட்டில் வழக்கத்துக்குக் காவல்காரன் நாறும்பூநாதனின் தம்பி சிவசங்கரன். சின்ன வயசிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவன். அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அண்ணன்தான். ஐப்பசியில் அவனிடமே கேட்டாள்.

"நம்ம மண்ணுல வெளஞ்சா அது நாட்டுக்காய்தான தம்பி?"

சிவசங்கரன் சிரித்துவிட்டான். "தச்சநல்லூர்லயா? இந்த வேக்காட்டுலயா? மொதல்ல வெளையட்டும் மதினி, பொறவு பேசுவோம்."

அந்த ஒரு சொல் போதாதா? ஊட்டிக்குப் போன பக்கத்து வீட்டு ஃபெபி டீச்சரிடம் சொல்லி, முளைவிட்ட விதைக்கிழங்கு வாங்கிவரச் செய்தாள். துண்டுக்கு ஒரு முளைக்கண்ணாவது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நறுக்கினாள். வெட்டுவாயில் சாம்பல் தடவி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஊன்றினாள். செடி உயர உயர மண்ணை அணைத்துவிட்டாள். மார்கழிப் பனியில் அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து, காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் புறவாசலுக்கு ஓடுவாள். கடையில் கிழங்கு வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். மண்ணிலிருந்து எடுத்துப் பழக்கமில்லை.

திவசத்துக்குக் காய் வாங்கப் பையோடு வந்த சிவசங்கரன் செடிகளைப் பார்த்தான். கேலி பண்ணத்தான் போகிறான் என்று நினைத்தாள். அவன் குனிந்து துவண்ட தண்டு ஒன்றைத் தூக்கி நிறுத்திப் பார்த்தது அவளுக்கு இன்னும் அழுகையை மூட்டியது.

"உங்க அண்ணனுக்குக் குடுத்துவைக்கல தம்பி."

"அழாதிய மதினி. நான் பிடுங்கிப் போட்டுருதேன். பாத்துக்கிட்டே இருந்தா வருத்தம்தான்."

வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து, முதல் செடியைப் பிடித்து இழுத்தான். வேரோடு வந்துவிட்டது. வேரில் நெல்லிக்காய் அளவில் ஏதோ தொங்கியது. செடியை அப்படியே போட்டுவிட்டு அந்தக் குழிக்குள் கையை விட்டான்.

"மதினி, இங்கன வாங்களேன்!"

கோமு கிட்டே போய்க் குனிந்தாள். அவன் ஒன்றை எடுத்தான். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஆழத்தில் கைக்கு அடங்காத ஒன்று. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தால் தோலும் சேர்ந்து வழன்று, உள்ளே மஞ்சளாக ஈரம் மினுங்கியது. அடேயப்பா! மேலே செடி செத்துக்கொண்டிருக்கிறதே என்று இவள் அழுதுகொண்டிருந்த நாளெல்லாம் அடியில் இதுவா நடந்துகொண்டிருந்தது? ஒரு சத்தம் உண்டா, ஒரு அறிகுறி உண்டா! கோமுவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. முந்தானையை விரித்து வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியாக அவன் கையில் கறுத்துச் சுருங்கிய ஒன்று வந்தது. அமுக்கினதும் தண்ணீர் கசிந்தது.

"இது அழுகிப்போச்சு போலுக்கு."

"அழுகல் இல்ல தம்பி. அது நான் ஊனுன துண்டு."

சிவசங்கரன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தோல். ஒரு பக்கம் மட்டும் அரிவாள்மணை வெட்டிய நேர்க்கோடு அப்படியே இருந்தது. அவன் காலடியில் பிள்ளைக் கிழங்குகள் குவிந்து கிடந்தன. அவன் அவற்றையும் பார்த்தான், திரும்பவும் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"இலையில..." என்று ஆரம்பித்தாள் கோமு. மேலே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அவன் அந்தத் தோலை மெதுவாகக் குழிக்குள் வைத்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினான். சேனை வாங்கக் கொண்டுவந்த பையை உதறி விரித்து, கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தான். பிறகு, சலவை வேட்டி என்பதே நினைவில்லாமல், முழங்காலை மண்ணில் ஊன்றி அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

"மெல்ல வாங்க மதினி. அங்கன மிதிச்சிராதிய, அடியில இருக்கும்."

முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் போயிருந்தது அவன் கை. கண்ணை மூடிக்கொண்டு துழாவினான்.