மடத்து பீரில் முதல் மடக்கு

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு, பீர் காய்ச்சும் மடத்தில் நாற்பது வருடமாகத் துறவியாயிருக்கும் என் அண்ணன் அமாண்டுஸ் வந்திருந்தார். அவர்கள் மடத்துக் கறுப்பு பீரையே வாங்கி வைத்திருந்தேன். அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்காமல் அகலவாய்க் கோப்பையில் ஊற்றி, சீஸ் துண்டும் கடுகு விழுதும் வைத்தேன்.

ஒரு மடக்குதான் குடித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது, நெஞ்சுல நெருப்பாட்டம் எறங்குது!"

"உங்க மடத்து பீருதாண்ணே. தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

"இது விக்கிறதுக்கு மட்டுந்தான். எங்களுக்குச் சாப்பாட்டோட தர்றது வேற, தண்ணி மாதிரி இருக்கும். நெறந்தான் வேறன்னு நெனச்சேன்..."

"அப்ப இத நீங்க குடிச்சதே இல்லியா?"

அவர் கோப்பையை வைத்தார். "ஓடியல் இதையா குடிச்சான்?"

ஓடியல் என் புருஷன். ஈரல் வெந்து செத்து ஒன்பது வருடம். மடத்து வாசலில் நான் அழுதுகொண்டு நின்றபோதெல்லாம் இதே அண்ணன்தான், "தெனம் நாலு கிளாஸ் பீருக்கா இந்த ஒப்பாரி? நானுந்தான் குடிக்கிறேன். அவன நச்சரிக்காத, போ" என்று விரட்டுவார். சாமியார் சொல்கிறாரே என்று அப்புறம் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

உள்ளே போய் இன்னும் மூன்று பாட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நாலு கிளாஸ்தாண்ணே. குடிங்க."