உடைத்துக்கொண்டு வந்தவன்

அன்று காலை இஸ்ரவேலின் பாலைவன ஊரான திமோனாவில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: பிறந்து எட்டாம் நாளைத் தொட்ட ஓர் ஆண் குழந்தை, இன்னும் பேர் இல்லை. அவனைப் பெற்ற ரவித், பீர்ஷெவா தடத்தில் பஸ் ஓட்டுகிறவள், நாற்பதைத் தாண்டியவள், புருஷன் கிடையாது. அவளுடைய அண்ணன் யிகால். யிகாலின் மனைவி ஹெத்வா, மூன்று மகள்கள். செத்துப்போன அப்பாவின் தங்கை சோஹாரா அத்தை. எட்டாம் நாள் வழக்கப்படி விருத்தசேதனம் செய்து பேர் வைக்க, கத்தியும் பஞ்சும் கொண்டுவந்திருந்த யூத குரு, ரப்பி ஹனானியா. ஜெபக்கூடத்திலிருந்து யிகால் திரட்டி வந்திருந்த ஆண்கள். அவர்களில் வாய் அடங்காத கிழவர் மெஸ்ஸோத். டிப்போவிலிருந்து ரவித்தின் கூட்டாளி சல்மான், பாலைவனத்து அரபிக்காரன். அடுப்பில் சிவக்கச் சிவக்க மீன் குழம்பு.

குழந்தையின் தகப்பன் வரவில்லை. வருவதற்கு அப்படி ஒருவன் இல்லை. ஒரு விந்து வங்கியின் குளிர்பெட்டியில் அவன் ஓர் எண்ணாக இருந்தான், அவ்வளவுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கு எல்லோரும் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரவித் படுக்கையறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். யிகால் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"ரப்பிகிட்ட போன்லயே சொல்லிட்டேன். பேரு அம்ராம்."

"நான் பெரெட்ஸ்னு சொன்னேன்."

"பெரெட்ஸ்! கடைத்தெருவுல போய்க் கூப்பிட்டுப் பாரு, அதைக் குடும்பப் பேரா வச்சிருக்கவன் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பான். அது ஒரு பேரா? நம்ம அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு மூணும் பொண்ணு. அப்பா பேரைச் சுமக்க இந்த வீட்ல வேற யார் இருக்கா?"

அது உண்மை. ரவித் அதை மறுக்கவில்லை. மொராக்கோவிலிருந்து வந்த குடும்பம். தாத்தா உயிரோடு இருந்தாலும் செத்தாலும் பேரனுக்கு அவர் பேர்தான். யிகால் மூன்று முறை பிரசவ வார்டுக்கு வெளியே அம்ராம் அம்ராம் என்று காத்திருந்து, மூன்று முறையும் பெண் பேர் தேடிக்கொண்டு வீடு திரும்பினவன்.

ஆனால் அவளிடமும் ஒரு உண்மை இருந்தது. வயிற்றில் இரண்டு தரித்திருந்தன. ஒரு நாள் ஸ்கேன் பார்த்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு இதயம் நின்றிருந்தது. மற்றதும் தங்காது என்றார்கள். ரவித் படுத்துக் கிடந்தாள், கூரையை முறைத்தபடி. அது தங்கியது. நாள் வருவதற்கு முன்பே, டாக்டர் கையுறை மாட்டி முடிப்பதற்குள், முட்டிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. அந்த நிமிடமே அவளுக்குப் பேர் தெரிந்துவிட்டது.

வேதத்தில் வருவது, அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். தாமார் ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் அடுத்தடுத்துக் கட்டி, இரண்டு முறையும் தாலியறுத்தவள். மூன்றாம் மகனைக் கட்டித் தருகிறேன் என்று மாமனார் யூதா வருஷக் கணக்கில் இழுத்தடித்தான். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்து, அந்த மாமனிடமே பிள்ளை வாங்கிக்கொண்டாள். வயிறு தெரிந்ததும் கொண்டுபோய்க் கொளுத்துங்கள் என்றான் அவன். அவனே கொடுத்துவிட்டுப் போன கைத்தடியையும் முத்திரையையும் அனுப்பி, இது யாருடையது பார் என்றாள். என்னைவிட இவள் பக்கம்தான் நியாயம் என்று அவன் ஒப்புக்கொண்டான். பிறந்தது இரட்டை. ஒன்று கையை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றது முண்டியடித்து முதலில் வந்தது. அதற்குப் பெரெட்ஸ் என்று பேர். உடைப்பு. கரையை உடைத்துக்கொண்டு தண்ணீர் வருமே, அது. தாவீது ராஜாவின் வம்சவரிசை அவனிடமிருந்துதான் தொடங்குகிறது.

"பேரோட சேர்த்து, இன்னாரோட மகன்னு யாரைச் சொல்லப்போற?" என்று ரவித் கேட்டாள்.

"அதையும் யோசிச்சுட்டேன். அப்பன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவோட அப்பா பேரைச் சொல்றது வழக்கம்தான். அம்ராமோட மகன்."

"ரவித்தோட மகன்னு சொல்லச் சொன்னேன்."

"பத்துப் பேர் முன்னாடி பொம்பளை பேரைச் சொல்லி என் மானத்தை வாங்கணுமா? இதைப் பாரு ரவித். பிள்ளையை மடியில வச்சுக்கப்போறது நான். வெளிய உட்கார்ந்திருக்க ஆம்பளைங்க எல்லாம் நான் கூட்டிட்டு வந்தவங்க. நீ தகராறு பண்ணினா அத்தனை பேரையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீயும் உன் அரபிக்காரனும் சேர்ந்து பேர் வச்சுக்கங்க."

அவன் சொன்னால் செய்வான். காலி நாற்காலிகளுக்கு நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகுதான் அவன் சொன்ன இரண்டையும் மனசுக்குள் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். பேர் அம்ராம். அம்ராமின் மகன். அவன் அதைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்திருக்கவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. தனித்தனியாக இரண்டும் நல்ல வழக்கம். சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்தச் சபையில் எவனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சரி. உன் இஷ்டம்" என்றாள்.

அது இவ்வளவு சுலபமாக முடியும் என்று யிகால் எதிர்பார்க்கவில்லை. அவள் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். சோஹாரா அத்தை வந்து பிள்ளையை வாங்கினாள். அத்தை ரவித்தின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, பூனை மாதிரி உட்கார்ந்திருக்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. கொண்டு போங்க."

கூடத்தில் மெஸ்ஸோத் கிழவர், சபை கூடப் பத்து யூத ஆண்கள் வேண்டும் என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சல்மானிடம் வந்தது.

"நானும் அறுத்துக்கிட்டவன்தான் பெரியவரே," என்றான் சல்மான். "ஆனா உங்க கணக்குல வரமாட்டேன். தள்ளி எண்ணுங்க."

"வராட்டி என்ன, மீன் திங்க வருவேல்ல? உட்காரு."

யிகால் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தலையணை வைத்துக்கொண்டான். பிள்ளையை மடியில் கிடத்தினார்கள். ரவித் சமையலறை வாசலில், பெண்களுக்கு முன்னால் வந்து நின்றாள். கை நிலைக்காலைப் பிடித்திருந்தது. ரப்பி ஹனானியா குனிந்தார். பிள்ளை வீறிட்டது. நல்ல தொண்டை. வைனில் நனைத்த துணியை வாயில் வைத்ததும் சப்பத் தொடங்கியது. கட்டுப் போட்டு முடித்த ரப்பி கோப்பையைக் கையில் எடுத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இஸ்ரவேலிலே இவன் பேர்..." என்று நிறுத்தி யிகாலைப் பார்த்தார்.

"அம்ராம்."

"அம்ராம்... யாருடைய மகன்?"

"அம்ராமுடைய" என்றான் யிகால், நெஞ்சை நிமிர்த்தி.

ரப்பியின் கோப்பை அந்தரத்தில் நின்றது.

முதலில் மெஸ்ஸோத்தான். "இரு, இரு. அப்பன் பேரையே மகனுக்கு வைக்கிறது எப்போ? பிள்ளை வயித்துல இருக்கறப்ப அப்பன் செத்தாத்தானே? இங்க அம்ராம் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. குழிக்கு நானே மண் போட்டேன். எந்திரிச்சு வந்துட்டுப் போனானா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேலும் யோசிக்கத் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மகள் பெற்ற பிள்ளைக்கு அவள் அப்பனையே தகப்பன் என்று சபையில் கூவியாகிவிட்டது. யிகாலின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது.

"அப்படி இல்ல... தாத்தான்னு அர்த்தத்துல... சரி, ஆபிரகாமோட மகன்னு சொல்லுங்க ரப்பி!"

"என்னது?" சோஹாரா அத்தையின் குரல் எல்லோருக்கும் மேலே எழுந்தது. "அது மதம் மாறி வந்தவங்களுக்குச் சொல்றதுடா! உங்க அம்மா எங்கேயிருந்து மாறி வந்தா? அவ கல்லறையில புரண்டு படுக்கப் போறா, மடையா!"

"நான் அப்படிச் சொல்லல அத்தை..."

"பின்ன எப்படிச் சொன்ன?"

யிகால் எழ முடியாது. மடியில் பிள்ளை. அவன் கூட்டி வந்த ஆண்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரவித் நிலைக்காலை விட்டுவிட்டுக் கூடத்தின் நடுவுக்கு வந்தாள். நடப்பது இன்னும் வலித்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"பேரு பெரெட்ஸ்," என்றாள். "ரவித்தோட மகன்."

"அம்மா பேரைச் சொல்லியா?" ரப்பி தயங்கினார். "ரவித், இது வழக்கமில்லையே."

"ஒருத்தன் நோயாக் கிடக்கறப்ப அவனுக்கு ஜெபம் பண்றீங்களே ரப்பி, யாரோட மகன்னு சொல்லிப் பண்றீங்க?"

"அது... அம்மா பேரைச் சொல்லி."

"ஏன்?"

"அம்மா யாருங்கறதுல சந்தேகம் இருக்காது. அதனால."

"இவன் இப்ப அறுபட்டு ரத்தத்தோட கிடக்கான். இவன் அம்மா யாருன்னு இங்க யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

பிள்ளை துணியைச் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"யூதா எவ்வளவு பெரிய ஆளு," என்றாள் ரவித். "தாவீது வம்சத்தை எண்ணத் தொடங்கறப்ப அவனை விட்டுட்டு பெரெட்ஸ்லதானே தொடங்கறாங்க? தாவீதோட கொள்ளுத் தாத்தா போவாஸ் கல்யாணத்துல ஊரே வாழ்த்துச்சே, எப்படி வாழ்த்துச்சு? தாமார் பெத்த பெரெட்ஸோட வீடு மாதிரி உன் வீடு இருக்கட்டும்னு. நான் புதுசா எதுவும் கேக்கல."

ரப்பி ஹனானியா தாடியை ஒருமுறை உருவிவிட்டார். மெஸ்ஸோத்தைப் பார்த்தார். மெஸ்ஸோத் தோளைக் குலுக்கினார்.

"சொல்லித் தொலையுமய்யா. மீன் ஆறுது."

"இவ கேக்கறது நியாயம்" என்று ரப்பி முணுமுணுத்தார். பிறகு குரலை உயர்த்தினார், படிக்கட்டு வரை கேட்கும்படி. "இஸ்ரவேலிலே இவன் பேர் பெரெட்ஸ், ரவித்தின் மகன் என்று வழங்கப்படுவதாக!"

சோஹாரா அத்தை குலவையிட்டாள். ஹெத்வா சேர்ந்துகொண்டாள், அவளைத் தொடர்ந்து மூன்று மகள்களும். அந்தச் சத்தம் சன்னல் வழியே எதிர் கட்டடத்தில் மோதித் திரும்பியது. எதிர் மாடியில் யாரோ ஒருத்தி, எதற்கென்றே தெரியாமல், பதிலுக்குக் குலவையிட்டாள். சல்மான் மேசையைத் தட்டித் தாளம் போட்டான். ரவித் அண்ணனின் மடியிலிருந்து மகனைத் தூக்கினாள். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள், கோப்பை ஜெயித்த கால்பந்துக்காரன் மாதிரி. வெட்கமாக இல்லை.

"பெரெட்ஸ்!" என்றார்கள் ஆண்கள். "ரொம்ப வருஷம் இருடா, பெரெட்ஸ்!"

யிகால் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "வாங்க, எல்லாரும் போகலாம்" என்றான், சத்தமாகத்தான்.

ஹெத்வா அப்போதுதான் மீன் சட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மெஸ்ஸோத் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் நிமிர்ந்து, "நீயும் உட்காரு யிகால், உப்புச் சரியா இருக்கு" என்றார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தட்டுகளில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவன் தனியாக வாசலுக்கு நடந்தான். ரவித் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். படிக்கட்டில் கால் வைத்தவன் திரும்பினான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ அம்ராமை விட்டிருக்க மாட்ட. அப்பனுக்கு வேற பேர் தேடியிருப்ப."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. கோபமா வேறெதுவுமா என்று அவள் ஆராயவில்லை.

"அப்பா பேரு போச்சு ரவித்."

"எங்கயும் போகல. உன் பொண்ணுங்க பெத்துக்குவாங்க. அவங்ககிட்ட கேட்டுப் பாரு. கேக்கணும், யிகால். உத்தரவு போட்டா இதுதான் நடக்கும்."

அவன் படியிறங்கினான். முதல் திருப்பம் வரை அவன் தலை தெரிந்தது. பாவமாகக்கூட இருந்தது, ஆனால் கூப்பிடவில்லை. உள்ளே யாரோ அவள் மகனைப் பேர் சொல்லிக் கொஞ்சினார்கள். ரவித் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.